மாமனாரின் அம்பாசடரும் மூன்றங்குல வயரும்

மாமனாரின் அம்பாசடருக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டு இந்த மாதத்தோடு 14 மாதம் ஆகிறது. அதாவது, எஞ்சினுக்குப் பொறி கொடுக்க உதவும் 'பாயிண்ட்' என்ற பழைய இயந்திர சுவிட்சுக்குப் பதிலாக ஒரு எலக்ட்ரானிக் கட்டி. அதில் ஏறக்குறைய மூன்று மாதம் வண்டி பழைய பாயிண்டில்தான் ஓடியது. போட்டேன், கழற்றினேன், மறுபடி போட்டேன், ஒருநாள் கருகியது, திரும்பப் பாயிண்ட், இப்போது திரும்ப எலக்ட்ரானிக். "போடலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லு" என்று கேட்கிற நண்பர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரே வார்த்தை இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளம்.

வண்டி 1984 மாடல், மார்க் 4, வெள்ளை. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். மாமா பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருந்த காலத்தில் புக் பண்ணிக் காத்திருந்து எடுத்தது. மண்டியை மூடி வருடங்கள் ஆகிவிட்டன. வண்டி மட்டும் எங்களோடு கோயம்புத்தூர் வந்து சேர்ந்தது. 50 வருடம் தாண்டிய வண்டிகளைத்தான் 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்யலாம் என்று 2021-ல் ஒரு விதி வந்தது. அந்தக் கணக்கில் எங்கள் வண்டி இன்னும் மைனர். 2034 வரை வெறும் பழைய வண்டிதான்.

எலக்ட்ரானிக் போடுவதற்கு முன் இரண்டு வருடமாக அதற்கு ஒரு வியாதி. நிற்கும்போது தையல் மெஷின் மாதிரி ஓடும். முதல் கியர், இரண்டாம் கியர் பிரச்சினை இல்லை. மூன்றாவதில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் ஒரு இருமல். முழுக்க மிதித்தால் இருமாது, பாதி மிதித்தால்தான் இருமும். கிணத்துக்கடவு மேம்பாலம் ஏறும்போது நிச்சயம் இருமும். முன் சீட்டில் மாமா திரும்பிப் பார்ப்பார். "என்னங்க மாப்பிள்ளை, மிஸ்ஸிங் அடிக்குதுங்களா?" அவருக்குத் தெரியாமலா கேட்கிறார்? அந்த வண்டியை அவர் 30 வருடம் ஓட்டியிருக்கிறார்.

மிஸ்ஸிங் என்றால் முதலில் பாயிண்ட். அப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள், அப்படித்தான் நானும் நம்பினேன்.

பாயிண்டைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து ரோட்டரை உருவினால் நடுவில் நான்கு மூலை உள்ள ஒரு தண்டு சுற்றும். அதன் பக்கத்தில் சுண்டுவிரல் நீளத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு கை. அந்தக் கையின் நுனியில் ஒரு உலோகப் பொட்டு, எதிரே இன்னொரு பொட்டு. இரண்டும் ஒட்டியிருக்கும்போது பேட்டரியிலிருந்து காயில் வழியாகக் கரண்ட் ஓடி, காயிலுக்குள் காந்தப் புலம் நிரம்பும். தண்டின் மூலை வந்து கையைத் தள்ளிப் பொட்டுகளைப் பிரித்ததும் அந்தப் புலம் சட்டென்று சரியும். சரியும் வேகத்தில் காயிலின் உள்சுற்றில் பல ஆயிரம் வோல்ட் பிறந்து, ரோட்டர் வழியாக எந்த பிளக்கின் முறையோ அங்கே போய்ப் பொறியாகும். பொட்டுகளுக்கு இடையிலேயே பொறி அடித்து வீணாகாமல் பார்த்துக்கொள்ள ஒரு கண்டன்சர். அவ்வளவுதான்.

சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் 1912-ல் கேடிலாக் காருக்குப் போட்டுக்கொடுத்த ஏற்பாடு இது. 72 வருடம் கழித்து மேற்கு வங்கத்து உத்தரபாரா தொழிற்சாலையிலிருந்து வந்த எங்கள் வண்டியிலும் அடிப்படையில் அதேதான். இதற்கு நடுவில் 1973-க்குள் கிரைஸ்லர் தன் கார்களில் பாயிண்டையே தூக்கிவிட்டது. நம் ஊருக்கு அது வந்து சேர நாளாயிற்று.

பொட்டுகளுக்கு இடைவெளி 15 தவு, அதாவது ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு. மில்லிமீட்டரில் 0.38. நான்கு சிலிண்டர் எஞ்சின் 3,000 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 6,000 பொறி. மணிக்கு 3,60,000 தடவை அந்தக் கை திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதன் குதிகால் தண்டின் மேல் உரசும். உரச உரசக் குதிகால் தேயும், தேயத் தேய இடைவெளி குறையும், குறையக் குறைய டைமிங், அதாவது பொறி அடிக்கும் நேரம், பின்னால் போகும். பொட்டுகளும் சும்மா இருப்பதில்லை. ஒன்றில் குழி விழும், எதிரே உள்ளதில் மேடு கட்டும். எப்படியும் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

அதைப் பார்க்க எங்களுக்கு ஒருவர் இருந்தார். மேஸ்திரி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். சிங்காநல்லூர் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. ஃபீலர் கேஜ் அவரிடம் இருந்தது, ஆனால் வெளியே எடுத்துப் பார்த்ததில்லை. பிளக் இடைவெளிக்கு ஹாக்சா பிளேடு. அது 25 தவு, கச்சிதமாகப் பொருந்தும். பாயிண்டுக்குக் கண்தான். வைத்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணி, டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் பிடித்து ஒரு மயிரிழை திருப்புவார். எஞ்சின் சத்தம் ஏறும், இறங்கும். ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு "இங்க பாருங்க தம்பி, இப்பத்தான் அது சந்தோசமா இருக்குது" என்பார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் வண்டி ஓட்டும்போது தெரியும்.

அவருக்குக் கண்புரை வந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் கிட்டத்தில் பார்க்கிற வேலை சரிப்படவில்லை. மகன்கள் இருவரும் வேறு தொழில். கொட்டகை இப்போது தண்ணீர் கேன் குடோன். அதற்குப் பிறகு நான் வண்டியைக் காட்டிய இரண்டு இடங்களில், ஒரு இடத்துப் பையன் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்துவிட்டு "சென்சார் எங்கண்ணா?" என்று கேட்டான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் பிறந்ததிலிருந்து பாயிண்டைப் பார்த்ததே இல்லை. இன்னொரு இடத்தில் எமரி பேப்பரை மடித்து வைத்து நான்கு இழு இழுத்து, பொட்டை வழவழவென்று ஆக்கி, 15 தவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நாணயமே போகிற அளவு சந்து வைத்துக் கொடுத்தார்கள். வீடு வந்து சேர்வதற்குள் சைலன்சரில் பட்டாசு.

பிறகு நானே கற்றுக்கொண்டேன். உதிரிபாகம்தான் தகராறு. புதுக் கண்டன்சர் குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருக்கும், எஞ்சின் சூடானதும் செத்துப்போகும், ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் உயிர்த்தெழும். ரோட்டரில் பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் சற்று நீளமாக இருந்தால் பொறி பிளக்குக்குப் போகாமல் ரிவெட் வழியாகக் கீழே தண்டுக்கே இறங்கிவிடும். இதைச் சோதிக்க மேஸ்திரி ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். காயிலிலிருந்து வரும் நடு வயரை மூடியிலிருந்து உருவி, ரோட்டரின் பித்தளைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு பாயிண்டைக் கையால் திறந்து மூட வேண்டும். ரோட்டர் நல்லதாக இருந்தால் ஒன்றும் நடக்காது. பொறி ரோட்டருக்குள் குதித்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியது. வயரை வெறும் கையால் பிடிக்கக் கூடாது என்பதை அவர் சொல்லவில்லை. அதை நானே கண்டுபிடித்தேன்.

இரண்டு வருடத்தில் நான்கு செட் பாயிண்ட், மூன்று கண்டன்சர், இரண்டு ரோட்டர். கிணத்துக்கடவு பாலத்தில் இருமல் மட்டும் நிற்கவில்லை. அப்போதுதான் எலக்ட்ரானிக் கிட் வாங்கலாம் என்று முடிவு செய்தேன்.

எடுத்துப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், அவ்வளவு சின்னது. பாயிண்டும் கண்டன்சரும் இருந்த இடத்தில் உட்காரும் ஒரு கறுப்புக் கட்டி, அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர், தண்டின் மேல் மாட்ட ஒரு பிளாஸ்டிக் வளையம். வளையத்துக்குள் நான்கு காந்தத் துண்டுகள், சிலிண்டருக்கு ஒன்று. காந்தம் கட்டியைக் கடக்கும்போது உள்ளே இருக்கும் ஹால் சென்சார் அதை உணர, டிரான்சிஸ்டர் காயிலின் கரண்டை வெட்டிவிடும். உரசல் கிடையாது, தேய்மானம் கிடையாது. இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. எட்வின் ஹால் இந்த விளைவைக் கண்டுபிடித்தது 1879-ல், ஒரு மெல்லிய தங்கத் தகட்டில். கெட்டரிங்கின் பாயிண்டை விட 33 வருடம் மூத்தது. நாம் எதைப் பழசு என்று கழற்றுகிறோமோ அதுதான் இளையது. ஹாலின் கண்டுபிடிப்புக்கு உதவ டிரான்சிஸ்டர் பிறக்க வேண்டியிருந்தது, அவ்வளவே.

வாங்கும் முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்பது ஒன்று. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். கிட்டும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் நெகட்டிவ். இரண்டாவது, காயிலின் ரெசிஸ்டன்ஸ். என் கிட்டோடு வந்த தாளில் குறைந்தது 3 ஓம் என்று போட்டிருந்தது. வயரைக் கழற்றி மீட்டரை வைத்தேன், 3.1. தனி ரெசிஸ்டரோடு சேர்ந்து வேலை செய்கிற 1.5 ஓம் காயிலை அந்த ரெசிஸ்டர் இல்லாமல் நேராக 12 வோல்ட்டில் கொடுத்தால் 8 ஆம்பியர் ஓடும், கட்டி வறுபட்டுவிடும். மூன்றாவது, பிளக் வயர். உள்ளே வெறும் செப்புக் கம்பி இருக்கிற பழைய வயர் எலக்ட்ரானிக்ஸுக்கு ஆகாது, அது கிளப்பும் இரைச்சலில் சென்சார் குழம்பிப்போகும். கார்பன் வயர் வேண்டும்.

கையோடு டிஸ்ட்ரிபியூட்டரையே வெளியே எடுத்தேன். சென்னைப் பக்கத்துப் பாடி என்ற ஊர்த் தொழிற்சாலையில் செய்தது, லூகாஸ் டிவிஎஸ் எழுத்து இன்னும் தெளிவாக இருக்கிறது. தண்டைப் பிடித்து ஆட்டினால் ஆடியது. 40 வருட ஓட்டத்தில் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தது. தண்டு ஆடினால் பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு மூலைக்கும் ஒரு மாதிரி இருக்கும், யார் வைத்தாலும் நிற்காது. கோயம்புத்தூரில் லேத்துக்குப் பஞ்சமா? கணபதியில் ஒரு பட்டறையில் அரை நாளில் வெண்கல புஷ் கடைந்து கொடுத்தார்கள். அடியில் இருக்கும் இரண்டு எடைக்கட்டிகளைக் கழுவி எண்ணெய் விட்டேன். வேகம் ஏற ஏற அவை வெளியே விரிந்து டைமிங்கை முன்னால் தள்ளும். அவை துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தால் எந்த எலக்ட்ரானிக்ஸும் உதவாது.

மாட்டுவதற்கு முக்கால் மணி நேரம்தான் ஆனது. சிவப்பு வயர் காயில் பிளஸ், கறுப்பு மைனஸ். மாற்றிக் கொடுத்தால் அங்கேயே சமாதி என்று தாளில் தடித்த எழுத்தில் இருந்ததால் மூன்று தடவை பார்த்தேன். சாவியைத் திருப்பினேன். பாதிச் சுற்றில் எடுத்துக்கொண்டது. அப்படி ஒரு ஸ்டார்ட்டை அந்த வண்டியில் நான் பார்த்ததில்லை. மாமா வாசலுக்கே வந்துவிட்டார்.

டைமிங்குக்குப் பழைய பல்பு முறை இதற்குச் சரிப்படாது என்று டைமிங் லைட் ஒன்று இரவல் வாங்கியிருந்தேன். கிராங்க் புல்லியின் வெட்டில் ஒயிட்னர் தொட்டு வைத்து, லைட்டை அடித்துப் பார்த்தால் ஓடுகிற எஞ்சினில் அந்த வெள்ளைப் புள்ளி அப்படியே உறைந்து நிற்கிறது. முந்தின வாரம் பாயிண்டில் பார்த்தபோது அது சாமியாடிக்கொண்டிருந்தது. இந்த உறைந்து நின்ற புள்ளி இருக்கிறதே, எலக்ட்ரானிக் இக்னிஷன் தரும் உண்மையான லாபம் இதுதான். மைலேஜ் ஏறும், பிக்கப் பறக்கும் என்றெல்லாம் சொல்கிறவர்கள் என்ன ஒப்பிட்டுச் சொல்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். என் நோட்டுக் கணக்கில் லிட்டருக்கு 9.8 ஆக இருந்தது 10.4 ஆனது. அதில் கிட்டுக்கு எவ்வளவு, புதுப் புஷ்ஷுக்கு எவ்வளவு, புது பிளக் வயருக்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டுக் கிட்டுக்கு மாலை போடுவது நியாயமில்லை.

அன்று சாயங்காலமே பொள்ளாச்சி ரோட்டில் விட்டேன். ஒத்தக்கால்மண்டபம் தாண்டும் வரை சொர்க்கம். கிணத்துக்கடவு பாலத்தில் பாதி ஆக்ஸிலேட்டர் மிதித்தேன்.

இருமியது. முன்பை விட பலமாக.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்புரேட்டர்தான் என்று அடுத்த ஆறு வாரம் அதை மேய்ந்தேன். ஜெட், மிதவை, பெட்ரோல் பம்ப், ஃபில்டர். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சும்மா யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. நிற்கும்போது இல்லை, முழுக்க மிதித்தால் இல்லை, பாதி மிதித்தால் மட்டும். பாதி மிதிக்கும்போது மட்டும் இந்த வண்டியில் என்ன நடக்கிறது? வேக்குவம் அட்வான்ஸ். கார்புரேட்டரிலிருந்து ஒரு சன்னக் குழாய் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் இருக்கும் தட்டையான டப்பாவுக்குப் போகிறது. ஐடிலில் அதில் உறிஞ்சல் இருக்காது. முழுக்கத் திறந்தாலும் இருக்காது. இடைப்பட்ட மிதியில்தான் உறிஞ்சல் வந்து, டப்பாவுக்குள் இருக்கும் சவ்வை இழுத்து, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டையே சில டிகிரி திருப்பும். அதாவது இருமுகிற நேரத்தில் தட்டு நகர்கிறது.

மூடியைத் திறந்து மீட்டரின் ஒரு முனையை அந்தத் தட்டில், இன்னொன்றை டிஸ்ட்ரிபியூட்டர் பாடியில் வைத்தேன். 0.2 ஓம். நல்ல எர்த். பிறகு குழாயை கார்புரேட்டரிலிருந்து உருவி வாயில் வைத்து உறிஞ்சினேன். தட்டு நகர்ந்தது. மீட்டரில் எண் துள்ளியது, 4, 30, பிறகு ஒன்றுமே இல்லை. வாயை எடுத்தேன், 0.2. உறிஞ்சினேன், ஒன்றுமில்லை. பானட்டுக்குள் தலையை விட்டுக் குழாயைச் சப்பிக்கொண்டிருந்த என்னைப் பால்காரர் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

நகரும் தட்டையும் நகராத அடித்தட்டையும் இணைக்க மூன்றங்குலத்துக்கு ஒரு வயர் இருக்கிறது. துணி சுற்றிய, நூல் மாதிரி மெல்லிய வயர். தட்டு நகரும்போதெல்லாம் அது வளையும். 40 வருடம் வளைந்து வளைந்து உள்ளே இருக்கும் இழைகள் அறுந்துபோய், மேலே சுற்றிய துணி மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. புஷ் மாற்றியபோது நானே அதைக் கையில் எடுத்து, துடைத்து, திரும்ப மாட்டியிருக்கிறேன். பாயிண்டுக்கும் அதுதான் எர்த், கிட்டுக்கும் அதுதான் எர்த். பாயிண்ட் ஓரளவு பொறுத்துக்கொண்டது. எலக்ட்ரானிக் பொறுக்கவில்லை. அதனால்தான் இருமல் பலமானது.

பலவாகப் பிரிந்த மெல்லிய செப்பு இழை வயரில் ஒரு துண்டு வெட்டிச் சால்டர் வைத்தேன். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. கிணத்துக்கடவு பாலத்தில் மூன்று தடவை ஏறி இறங்கினேன். மாமாவைக் கூட்டிப்போகவில்லை, நம்பிக்கை இல்லை.

இருமல் போய்விட்டது. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த வயர்தான் காரணம் என்றால், இரண்டு வருடம் தூக்கிப் போட்ட பாயிண்ட் எல்லாம் குற்றமற்றவை. 7,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய கிட்டும் தேவையே இல்லாததுதானா? சரி, பார்த்துவிடலாம் என்று கிட்டைக் கழற்றிவிட்டுப் பாயிண்டைத் திரும்ப மாட்டினேன். மூன்று வாரம் ஓட்டினேன். ஒரு இருமல் இல்லை. வெள்ளைப் புள்ளி கொஞ்சம் ஆடியது, முன்பு போல் இல்லை, புதுப் புஷ்ஷின் புண்ணியம். காலையில் ஸ்டார்ட் ஆக ஒன்றரைச் சுற்று. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே நேர்மையாகச் சொன்னால் எனக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் தேவைப்படவில்லை. நல்ல மேஸ்திரி ஒருவர் தேவைப்பட்டார். அவர் கண் நன்றாக இருந்திருந்தால் மூடியைத் திறந்து தட்டை விரலால் ஒரு தள்ளு தள்ளி, இரண்டு நிமிடத்தில் அந்த வயரைப் பிடித்திருப்பார். பழைய வண்டிக்காரர்கள் பாயிண்டுக்கு மாற்றாகக் கிட் வாங்குவதாக நினைக்கிறோம். உண்மையில் அதை வைக்கத் தெரிந்த கைக்கு மாற்றாகத்தான் வாங்குகிறோம். அந்தக் கை இல்லாத ஊரில், மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து 15 தவு பார்க்கப் பொறுமையில்லாத என் மாதிரி ஆளுக்கு, கிட்தான் சரி. மூன்று வாரம் கழித்து அதையே மாட்டினேன். பாயிண்ட், கண்டன்சர், மாட்டும் ஸ்குரு எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு டேஷ்போர்டு டப்பாவுக்குள் வைத்தேன்.

ஏழு மாதம் பானட்டைத் திறக்கவே இல்லை. பிறகு பழனி.

குடும்பத்தோடு போயிருந்தோம். மாமாவுக்கு முழங்கால் சரியில்லை. "நீங்க எல்லாம் போயிட்டு வாங்க, நான் வண்டியிலயே இருக்கறேன், போன தடவை வின்ச்சுல நின்னதே போதும்" என்று அடிவாரத்திலேயே தங்கிவிட்டார். நாங்கள் மேலே போய்த் தரிசனம் முடித்துத் திரும்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் முன் சீட்டைச் சாய்த்துக்கொண்டு கொடைக்கானல் பண்பலை கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் 100.5 துல்லியமாக எடுக்கும். ரேடியோ ஓட வேண்டுமென்றால் இக்னிஷன் சாவி போட்டிருக்க வேண்டும். யாரோ எப்போதோ அப்படி வயர் இழுத்திருந்தார்கள்.

செல்ஃப் சுற்றியது, எடுக்கவில்லை. காயிலைத் தொட்டேன், கை வைக்க முடியவில்லை.

எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டிருந்தால், காந்தம் எந்த இடத்தில் நின்றிருக்கிறதோ அதைப் பொறுத்து, இந்த வகைக் கட்டி காயிலுக்குக் கரண்டைத் திறந்துவிட்டபடியே இருக்கும். 4 ஆம்பியர், இரண்டு மணி நேரம். பாயிண்டும் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் இப்படித்தான் சூடாகும். ஆனால் பாயிண்ட் வெறும் உலோகத் துண்டு, அதற்கு ஒன்றும் ஆகாது. கட்டிக்கு ஆகும். பாயிண்ட் சாகும் முன் பல நாள் முனகும், ஸ்டார்ட்டிங்கில் தகராறு செய்யும், சைலன்சரில் வெடிக்கும். கட்டி முனகாது. காலையில் இருக்கும், மத்தியானம் இருக்காது.

மாமாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. 35 வருடமாக அதே வண்டியில் அப்படித்தான் அவர் ரேடியோ கேட்டிருக்கிறார். எஞ்சின் ஓடாமல் சாவியைப் போட்டு வைக்கக் கூடாது என்று தாளில் தடித்த எழுத்தில் போட்டிருந்ததை அவரிடம் சொல்லாதது நான்தான்.

மஞ்சள் பையை எடுத்தேன். கட்டியையும் வளையத்தையும் உருவிவிட்டுப் பாயிண்டை வைத்தேன். காயில் ஆற வேண்டும் என்று ஈரத்துணி சுற்றினேன். டிக்கியிலிருந்து ஹேண்டில் எடுத்து முன்னால் விட்டு, குதிகால் மூலையின் உச்சிக்கு வரும்படி எஞ்சினை மெதுவாகத் திருப்பினேன். அப்போதுதான் ஃபீலர் கேஜ் வீட்டில் மேஜை மேல் இருப்பது நினைவுக்கு வந்தது. மாமா ஒன்றும் பேசாமல் பர்ஸைத் திறந்து ஒரு விசிட்டிங் கார்டை நீட்டினார். தேங்காய் மண்டி, பொள்ளாச்சி, ஐந்து இலக்கத்தில் ஒரு போன் நம்பர். ஓரம் மஞ்சளாகிப்போன நல்ல தடித்த அட்டை.

"மேஸ்திரி எங்கிட்ட வாங்கி வெச்சுப் பார்ப்பாருங்க" என்றார். "வழியில நின்னா இதத்தான் வெப்பாரு."

அட்டையைச் சந்துக்குள் விட்டு, லேசாகப் பிடிக்கிற மாதிரி வைத்து ஸ்குருவை இறுக்கினேன். வீட்டுக்கு வந்து கேஜில் பார்த்தபோது 14 தவு இருந்தது. வண்டி எடுத்துக்கொண்டது. கிட்டுக்கு வைத்த டைமிங் பாயிண்டுக்குப் பொருந்தவில்லை, ஏறும்போது டக டகவென்று அடித்தது. இந்த டிஸ்ட்ரிபியூட்டரில் வேக்குவம் டப்பா பக்கத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு, ஒரு பக்கம் ஏ (டைமிங் முன்னால் போக), இன்னொரு பக்கம் ஆர் (பின்னால் போக). 11 கிளிக் திருப்பினால் ஒரு டிகிரி. உடுமலை வருவதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தி ஆர் பக்கம் மொத்தம் 40 கிளிக் திருப்பியிருப்பேன். மூன்றாவது தடவை இறங்கப்போனபோது மாமா கையைப் பிடித்தார். "போதுமுங்க மாப்பிள்ளை. இப்ப சரியா இருக்குது." எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் வீடு வரை அடிக்கவில்லை.

புதுக் கட்டி வந்து சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை பாயிண்ட். அந்த இடைவேளையில் ஒரு பழைய டிஸ்ட்ரிபியூட்டரை இரும்புக்கடையில் எடைக்கு வாங்கி, அதன் அடித்தட்டைக் கழற்றி, அதிலேயே பாயிண்ட், கண்டன்சர், புது எர்த் வயர் எல்லாம் பூட்டி, இடைவெளியும் வைத்துத் தயாராக வைத்திருக்கிறேன். இனி வழியில் நின்றால் இரண்டு ஸ்குரு கழற்றித் தட்டோடு மாற்றினால் போதும், கால் மணி நேர வேலை. கிட் போட நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதை மட்டும்தான்: முதலில் எர்த் வயரையும் தண்டின் ஆட்டத்தையும் பாருங்கள், போட்ட பிறகு பழையதைத் தூக்கிப் போடாதீர்கள்.

ரேடியோ வயரை இக்னிஷனிலிருந்து பிரித்து, தனி ஃபியூஸ் வைத்து நேராகப் பேட்டரியிலிருந்து இழுத்துவிட்டேன். இனி சாவியே வேண்டாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று மாமாவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். போன வாரம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது வண்டியிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். நான் இறங்கும் முன், சாவியை உருவி என் கையில் கொடுத்து, நான் அதைச் சட்டைப் பையில் போடுகிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் ரேடியோவைப் போட்டார்.